படத்தில் விழாதது

ஞாயிறு மாலை விசில் ஊதுகிறவன்
திங்கள் காலை எக்ஸ்ரே எடுக்கிறவன்
இரண்டு பேரும் நானே.
இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தைதான் எனக்கு:
அசையாதே.

மே மாதம். வேலூர்.
கோட்டை அகழித் தண்ணீரே வியர்த்துக் கிடந்த நாள்.
காலரியில் பாதித் தலைகள் ஈரத் துண்டுக்கு அடியில்.
எண்பத்தேழாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று.
பேரணாம்பட்டு முனிரத்தினம்
பந்தை இடது காலில் ஒட்டவைத்துக்கொண்டு
கட்டத்துக்குள் வந்தான்.
மாதச் சம்பளத்துக்கு ஆடுகிற பையன்.
கோலுக்குத் தனி, வாங்கித் தரும் பெனால்டிக்குத் தனி என்று
ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். கேள்விதான்.

ஆம்பூர் ஃபுர்கான் காலை நீட்டினான்.
நீட்டிய காலை இழுத்தும் கொண்டான்.
நீட்டியதற்கும் இழுத்ததற்கும் இடையில்
வெள்ளரிப் பிஞ்சு அகலத்துக்கு ஒரு வெளி.
அந்த வெளியில் விழுந்தான் முனிரத்தினம்.

நிஜமாக விழுகிறவன் கையைத்தான் முதலில் ஊன்றுவான்.
இவன் கை இரண்டும் மேலே இருந்தன,
குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு வரும்போது
தெருவே தூக்குகிற கைகள் மாதிரி.
ஆனாலும் சொல்ல முடியாது.
பதறிப்போனவனும் அப்படித் தூக்குவான்.

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு.
அந்த நொடியில் என் கண்ணெதிரே
பத்தொன்பதாம் நம்பர் முதுகு.
விழுந்ததைப் பார்த்தேன்.
விழவைத்ததைப் பார்க்கவில்லை.
கோட்டோரம் பூங்காவனம்
கொடியைத் தொடையோடு ஒட்டிப் பிடித்திருந்தார்,
வீட்டுச் சண்டையில் அகப்பட்ட விருந்தாளி போல.
யோசித்து ஊதவில்லை நான்.
மூச்சு விட்டேன்,
அது விசில் வழியாகப் போய்விட்டது.

பத்துப் பேர் என்னைச் சூழ்ந்தார்கள்.
ஃபுர்கான் மட்டும் வரவில்லை.
சீமைக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஊர்க்காரன்
குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்,
இது என்னதான் செய்தது என்று
அதனிடமே கேட்பவன் மாதிரி.
விழுந்தவனே எழுந்து அடித்தான். உள்ளே போனது.
காலரியிலிருந்து
கண் ஆஸ்பத்திரிக்கு எனக்கு வழி சொன்னார்கள்,
பஸ் நம்பரோடு.
ஆஸ்பத்திரி ஊரில் மலிவான வசை அது.
என் அம்மாவைத் தொடாதவரை
நான் எதையும் குறித்துக்கொள்வதில்லை.

திங்கள். டோக்கன் அறுபத்திரண்டு.
கதவைத் தள்ளிக்கொண்டு முனிரத்தினம்.
"இன்னா சார், நீங்க இங்க?"
"இதுதான்பா சம்பளம். அது பேட்டா."
எந்தக் கால் என்றேன். இடது என்றான்.
நேற்று வலதைப் பிடித்துக்கொண்டு உருண்டதாக ஞாபகம்.
என் ஞாபகத்தின் மேல் நான் பந்தயம் கட்டுவதில்லை.

படுக்கச் சொன்னேன். அசையாதே என்றேன்.
பதினோரு வருஷ நடுவர் வாழ்க்கையில்
ஆட்டக்காரன் ஒருவன் எதிர்ப்பேச்சில்லாமல்
என் சொல்லுக்கு அடங்கியது
அந்த மேஜையின் மேல்தான்.

கணுக்கால் சுத்தம். ஒரு கீறல் இல்லை.
மேலே, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே
பழைய முறிவு ஒன்று,
சரியாகக் கட்டாமல் கோணலாகவே கூடிப்போய்,
வெல்லக்கட்டியை உடைத்துத் திரும்ப ஒட்டியது போல.
"இது எப்போ?"
"பதினாலு வயசுல, பாலாத்து மணல்ல.
பின்னாலேர்ந்து உட்டான் சார் ஒரு உதை.
ஆட்டம் நிக்கல. எவனும் விசில் அடிக்கல."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"நேத்து அவன் தொட்டது இதுல தெரியுதா சார்?"
"எலும்புதான் விழும் படத்தில்.
தொட்டது, தொடாதது எல்லாம் விழாது."

சட்டைப் பொத்தானைத் திருகினான் கொஞ்ச நேரம்.
"நீங்க பாத்தீங்க இல்ல?"

ஈய அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
அது நழுவியது. மறுபடி மாட்டினேன்.
பார்த்தேன் என்றேன்.

வெளியே அறுபத்துமூன்றைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
முனிரத்தினம் இறங்கி நொண்டிக்கொண்டே போனான்.
எந்தக் காலை நொண்டினான் என்று பார்ப்பதற்குள்
வாசலில் ஒரு முதுகு
குறுக்கே வந்துவிட்டது.