இரண்டு நாற்பது

வால்விஸ் பேயில் மூன்று இரவாக
இரண்டு நாற்பதுக்கு எடைமேடைகள் ஊமையாகின்றன.
ஹேக் மீன் பெட்டிகள் நகராமல் நிற்கின்றன, லேபிள் இல்லை.
மேமே ரவுஹா கையுறையைக் கழற்றாமலே
என் அறைக் கண்ணாடியில் தட்டுகிறார்:
"உன் கம்பி மறுபடி செத்துவிட்டது."

என் கம்பி. சரி.
சம்பளம் நான்தானே வாங்குகிறேன்.

மடிக்கணினியைச் செருகி
பாக்கெட் பிடிக்கும் மென்பொருளைத் திறந்தால்
பூஜ்யம். ஐந்து நிமிடம் பூஜ்யம்.
கணினி தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரியை
ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்,
சந்தைக்கு நடுவில் நின்று
சொந்த வயிற்றில் காது வைத்தவள் மாதிரி.

மாற்றினேன். கொட்டியது. திரை முழுக்கச் சிவப்பு.
நான் அனுப்புகிற ஒவ்வொன்றும் தப்பு,
எனக்கு வருகிற ஒவ்வொன்றும் சரி.
அரை மணி நேரம் அதை நம்பினேன்.
(நம்பப் பழக்கப்பட்டவள்.)
அப்புறம் உறைத்தது:
சரிபார்ப்பு முத்திரையைக் குத்துவது கார்டு.
மென்பொருளோ கார்டுக்கு முந்தின படியில் நின்று
முத்திரை எங்கே, முத்திரை எங்கே என்று கத்துகிறது.
அந்தச் சிவப்பை அணைத்தேன்.

மிச்சத்தைப் படித்தேன்.
எடைமேடை சர்வரைக் கூப்பிடுவது
எங்கள் காலை வணக்கம் போலத்தான்.
வா லாலா போ, நன்றாக உறங்கினாயா?
ஏஏ. நீ?
ஏஏ.
இந்த மூன்று முடியாமல்
கடனும் கேட்க மாட்டோம், சாவும் சொல்ல மாட்டோம்.

இரண்டு நாற்பது, பதினொன்றாவது விநாடி.
வா லாலா போ?
ஒரு விநாடி. வா லாலா போ?
இரண்டு.
நான்கு.
எட்டு.
அதே கேள்வி, ஒவ்வொரு தடவையும்
இரட்டிப்புப் பொறுமையோடு.

பதில் சொல்ல வழியில்லை. வழி முழுக்க
ஒரே ஓர் ஆள் பேசிக்கொண்டிருந்தான்,
மூச்சு விடாமல், கோப்புக் கிடங்கை நோக்கி.
அவன் முகவரியை மீன் பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டு
டார்ச்சோடு கம்பியைப் பிடித்து நடந்தேன்,
ஐஸ் அறை தாண்டி, உப்பு மூட்டை தாண்டி.
அலமாரியின் கீழ்த்தட்டில்
சிகரெட் பெட்டி அளவில் ஒரு கணினி.
அதன்மேல் ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் என் கையெழுத்து.

மூன்று வாரம் முன்னால் நான் வைத்தது.
லேபிள் பிரிண்டர் நாளுக்கொரு தடவை திக்குகிறதே,
ஏன் என்று கண்டுபிடிக்க.
எல்லாவற்றையும் கேள், எழுதிவை என்றேன்.
வட்டு நிரம்பியதும் போன திங்கட்கிழமை
எழுதியதைக் கிடங்குக்கு அனுப்பிவிடு என்றேன்,
ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்து.
ஊர் தூங்கும்போதுதான் படகு வந்து இறக்கும்
என்பது பகல் வேலைக்காரிக்குத் தெரியவில்லை.

அது அனுப்பியது.
அனுப்புவதையும் கேட்டது.
கேட்டதையும் எழுதியது.
எழுதியதையும் அனுப்பியது.

ஒரே ஒரு வரி வடிகட்டி சேர்த்தேன்:
உன்னைத் தவிர.
அனுப்பும் நேரத்தைப் பகல் பன்னிரண்டுக்கு மாற்றினேன்.
மேடைகள் எண் சொல்லத் தொடங்கின. பெட்டிகள் நகர்ந்தன.
மேமே ரவுஹா நன்றி சொல்லவில்லை.
"பிரிண்டர்?" என்றார்.
பிரிண்டர் இன்னும் திக்குகிறது.

வெளியே பனிமூட்டத்தில் உப்பு லாரிகள்.
கேட்டில் தாங்கெனி ஃபிளாஸ்க்கைத் திறந்தபடி,
வா லாலா போ? என்றான்.
கண் எரிந்தது. ஒரு பொட்டுத் தூக்கமில்லை.
ஏஏ, என்றேன். நீ?