ஆறாம் நிபந்தனை

கொழும்புத்துறை வீட்டின் மேல்மாடி அறைக்கு
பிலோமினா அக்கா எழுதித் தந்த ஒப்பந்தத்தில்
ஆறாவது:
உயிர்ப்பிராணி ஒன்றும் வளர்க்கக்கூடாது.
நாய், பூனை, கிளி என்று அடைப்புக்குள் போட்டிருந்தார்.
அடைப்புக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு இருந்தது.
கையெழுத்து வைத்தேன்.

போத்தல் முதலே என்னிடம் இருந்தது.
பெரியகடையில் இழுத்து மூடிய கடையொன்றின்
தோடம்பழ இனிப்புப் போத்தல்.
கழுவி மூன்று மாதமாகியும்
மூடியைத் திறந்தால் தோடம்பழம்.
அடியில் கரி, மேலே குருமணல்,
அதற்கும் மேலே உரும்பிராயில் அள்ளிய செம்பாட்டு மண்.
பாவிக்காத கிணறொன்றின் உட்சுவரில்
கரண்டியால் சுரண்டிய பாசி,
அதோடு கேளாமல் வந்த
விரல்நீளப் பன்னம் ஒன்று.

இனி ஒரு ஆள் வேண்டும்.

இரத்தவங்கியில் எனக்கு இரவு வேலை.
விடிய ஏழுக்கு வந்து யன்னலைச் சாத்திப் படுத்தால்
தெருவில் மீன்காரரின் ஹோர்ன் தொடங்கும்.
நான் முழித்திருக்கும் நேரம் முழித்திருக்கிற ஒன்று.
பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டாலும்
கோபிக்காத ஒன்று.

நத்தை என்றால் லேசு.
மழைக்குப் பிறகு மதில் முழுக்க அதுதான்,
விவசாயப் போதனாசிரியர்
உப்புப் போடச் சொல்கிற சாதி.
சின்னதாய்ப் பார்த்து எடுத்தாலும்
பன்னத்தைத் தின்று முடித்துத்தான் என்னைப் பார்க்கும்.

குழியானைக்குக் காய்ந்த மணல் வேண்டும்.
என் போத்தல் வியர்க்கிறது.

கும்பிடுபூச்சியை இரண்டு நாள் வைத்திருந்தேன்.
நல்ல வடிவு.
கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்த
ஒரே விண்ணப்பதாரி.
உயிரோடு இலையான் கேட்டது, பிடித்துக் கொடுத்தேன்.
கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க
கண்ணிலிருந்து தின்னத் தொடங்கியது.
நான் சோற்றுக்கோப்பையை மூடி வைத்துவிட்டு
அதைச் செவ்வரத்தையில் விட்டு வந்தேன்.

தம்பளப்பூச்சி பற்றி எழுத விருப்பமில்லை.
எட்டு வயது. நெருப்புப்பெட்டி. ஏழு.
பள்ளிக்கூடத்தால் வந்து திறந்தபோது
நிறம் மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு ஒருநாள் இரவு மூன்று மணிக்கு
இரத்தவங்கி வாசலில்
மரியறோஸின் விளக்குமாற்றுக்கு முன்னால்
ஒரு மரவட்டை, அவசரமே இல்லாமல்.
"கூட்டவோ, வைச்சிருக்கிறியளோ?" என்றார்.
சிறுநீர்க் குப்பியில் ஏந்தினேன்.

உதிர்ந்த இலை தின்னும். கடிக்காது.
தொட்டால் சுருண்டு ஒரு காசாகும்,
விரலில் மஞ்சள் கறை வைக்கும்.
ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டுமாம்.
யாழ்ப்பாணத்தில் அதற்கு அலைவதா?
கேத்தலின் அடியைச் சுரண்டிப் போட்டேன்.
பாசிக்கு அந்தத் தண்ணி ஆகாது,
அதற்குச் சோடாப் போத்தலில் பிடித்த மழை.
ஒரு சாண் காணிக்குள்
இரண்டு பேருக்கும் நான் பாகப்பிரிவினை செய்தேன்.

லீவு இரவுகளில் விளக்கைத் தணித்துவிட்டுப் பார்ப்பேன்:
சீப்பின் பற்களில் விரலை ஓட்டியது மாதிரி
அந்தக் கால்கள்.

மூன்றாம் கிழமை மண்ணுக்குள் போனது.
தோல் கழற்ற. நாள் கணக்குச் சொல்ல ஏலாது.
தோண்டினால் செத்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணி பில்லோடு
பிலோமினா அக்கா மேலே வந்தார்.
"என்ன பிள்ளை உதுக்குள்ளை?"
"செடி, அக்கா."
"செடிக்கு ஏன் மூடியிலை ஓட்டை?"

சொன்னேன்.
"எங்கை, காட்டும்."
காட்ட என்ன இருக்கிறது?
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.
மண். பன்னம். உள்ளே படிந்த ஈரம்.
பில்லை மறந்து நெடுநேரம் நின்றார்.
"காணக் கிடையாததை வளர்க்கிறதெண்டு
எப்பிடிச் சொல்லுறது?"
ஒப்பந்தத்தை எழுதியவர் அவர். நான் வாய் திறக்கவில்லை.

இப்போது சைக்கிளை நிறுத்தும்போது
குசினி யன்னலால் குரல் வருகிறது:
"எழும்பிட்டுதே?"
"இல்லை, அக்கா."
"கிடக்கட்டும்."

இருபத்தாறு நாள்.
நேற்றுக் காலை பாசியின் மேல்
நான் போடாத பலா இலை,
பழுத்துக் காய்ந்தது, நாலாய்க் கிழித்தது.
அறையின் மற்றச் சாவி அவரிடம்தான்.

ஓரத்தில் கடித்த அடையாளம்
இன்னும் இல்லை.