திருத்தக் காரணி

எண்ணெய் என்ற சொல்லுக்குள்
ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது.
தமிழில் அது சும்மாவே தெரிகிறது.
ஸ்பெயினில், மார்த்தோஸ் ஆலிவ் ஆலையில்,
அதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்துக்
கசில்தாவை வைத்திருக்கிறார்கள்.

பத்து கிராம் எண்ணெய்.
கொஞ்சம் ஈதர், கொஞ்சம் ஆல்கஹால்,
இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன்.
பியூரெட்டிலிருந்து காரம் சொட்டுகிறது.
சுழற்றுகிறாள், சொட்டுகிறது, சுழற்றுகிறாள்.
வெட்கமா கோபமா என்று சொல்லமுடியாத
ஓர் இளஞ்சிவப்பு வந்து
பத்து விநாடி நின்றால்
குழாயை மூடிவிட வேண்டும்.
அதுவரை இறங்கியதுதான் கணக்கு.

0.8 வரை முதல் தரம்.
மயிரிழை கூடினாலும் இரண்டாம் தரம், ஐந்தாம் தொட்டி,
கிலோவுக்கு அறுபது சென்ட் குறைவு.
அதற்கும் கீழே ஒன்று உண்டு,
விளக்கெரிக்கத்தான் லாயக்கு என்று பெயர்.
அந்த விளக்கு இப்போது எந்த வீட்டிலும் இல்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி
எவுஃப்ராசியோவின் எண்ணெய்
2.94 மில்லி குடித்தது.
0.83 என்றாள்.
பெராக்சைடு எண் பதினொன்றுதான்,
அதில் குறையே இல்லை என்றாள், ஆறுதலாக.
அவர் தொப்பியைக் கழற்றினார்,
உள்ளே பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.
"பதினொன்றுக்கு எவ்வளவு தருவீர்கள்?"

ஜனவரிக் கடைசி. மழை.
அரவை நின்ற ஆலையில்
மேசையைத் துடைக்கும்போதுதான் பார்த்தாள்,
காரப் புட்டியின் மூடி வளையத்தில்
நகம் நுழையும் விரிசல்.
புட்டியில் அவள் கையெழுத்தே:
செறிவு 0.1. நவம்பர் நான்கு.

காரத்துக்குக் காற்று ஆகாது.
கரியமில வாயுவைத் துளித்துளியாய் விழுங்கி
பெயர் மாறாமலே இளைத்துப்போகும்.
இளைத்த காரம் அதிகம் செலவாகும்,
அதிகம் செலவானால்
எண்ணெய்தான் கெட்டது என்று தாள் சொல்லும்.
புட்டியை யார் சந்தேகிப்பார்கள்?

தாலேட் உப்பை உலர்த்தி,
நான்கு தசமம்வரை எடைபோட்டு
0.094.
மறுபடியும் 0.094.
மூன்றாவதை முடிக்குமுன் அவளுக்குத் தெரிந்துவிட்டது.
முடித்தாள்.

0.83ஐ 0.94ஆல் பெருக்கு.
0.78.
பேரேட்டில் அப்படி ஏழு பேர்.

ஆனால் அது இன்றைய காரம்.
டிசம்பர் ஒன்பதில் எவ்வளவு இளைத்திருந்தது?
0.097 என்றால் அவர் எண்ணெய் 0.805,
அப்போதும் வாசலுக்கு வெளியே.
எடுத்துவைத்த மாதிரிகளைப்
புட்டி போதவில்லையென்று கழுவிவிட்டார்கள்.
ஐந்தாம் தொட்டியில் ஏழு பேருடையதும்
இன்னும் நாற்பது பேருடையதும்
ஒன்றாய்க் கிடக்கிறது.
கலப்பதற்குச் சூத்திரம் உண்டு.

மேலாளர் லியோகாதியோ போனில் சொன்னார்:
"புட்டியை மாற்று. பேரேட்டை மூடு."
அவள் புட்டியை மாற்றினாள்.

எவுஃப்ராசியோவின் சமையலறையில்
ஈரக் கோட்டோடு உட்கார்ந்து
எல்லாவற்றையும் சொன்னாள்,
0.78ஐச் சொன்னாள், 0.805ஐயும் சொன்னாள்,
ஒன்றை மறைத்தால் மற்றது பொய்யாகிவிடும் என்று.
அவர் ரொட்டியைக் கிழித்தார்.
தகரக் கேனிலிருந்து, அதே மரங்களின்
அதே டிசம்பரின் எண்ணெயைத்
தாராளமாக ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.
கடித்தாள்.
பச்சைப் புல், தக்காளி இலை, பிறகு
தொண்டையின் அடியில் சுரீரென்று காரம்.
நல்ல எண்ணெய் அப்படித்தான் இருமவைக்கும்.

இருமிக்கொண்டிருந்தபோது கேட்டார்:
"அப்படியானால், போன வருடப் புட்டி?"

கண்ணில் நீர் வழிய
அவள் கையை உயர்த்தினாள்,
பொறுங்கள் என்பதுபோல.
அவர் பொறுத்திருந்தார்.