வணக்கத்துக்கு முந்தின மூச்சு

அந்த ஊருக்கு மூன்று பேர்.
குர்துக்காரன் ஒன்று சொல்வான், அரபி ஒன்று,
நடுவில் துருக்கி பேசுகிறவன் இன்னொன்று.
எங்கள் கம்பெனிச் சீட்டில் வெறும் நம்பர்:
பதினேழாவது நிறுத்தம்.

பெரிய ஊரில்லை, நம்ம நகரி அளவுதான்.
ஆனால் எண்ணெய்க் குழாய் அதன் வாசலில் போகிறது,
தலைநகரத்து ரோடு அதன் கழுத்தில் போகிறது,
ரோட்டைக் குனிந்து பார்த்தபடி ஒரு மொட்டைக் குன்று.
குன்று எவனிடமோ
ரோடு அவனிடம்.

ஷேர்கோ அங்கே முடிவெட்டுகிறவன்.
மேஜை இழுப்பறையில் கத்திரி, சீப்பு,
மடித்து வைத்த இரண்டு கொடி.
எது மேலே இருக்கும் என்றேன்.
"காலையில் குன்றைப் பார்த்துவிட்டுத்தான்
கடையைத் திறப்பேன்."

டாங்கர் ஓட்டிக் கற்றது இவ்வளவு:
செக்போஸ்ட்டில் கண்ணாடியை இறக்கு.
வாயைத் திறக்காதே.
பூட்ஸைப் பார், தோளில் தைத்த துணியைப் பார்,
அப்புறம் சொல்
'சோனி'யா, 'சலாமு அலைக்கும்'மா என்று.

பாபுராஜ் மாற்றிச் சொன்னான்.
அவன் வண்டியை மறுநாள் நான் ஓட்டினேன்.
அவன் கால் நீளத்துக்கு
சீட்டு பின்னால் தள்ளியிருந்தது.
முன்னால் இழுக்காமலே
எட்டி எட்டி மிதித்தேன், முந்நூறு கிலோமீட்டர்.

இப்போது மாங்கூழ் லோடு.
சித்தூரில் ஏற்றிச் சென்னைத் துறைமுகம்.
வீடு ஊத்துக்கோட்டை;
அங்கே சண்டை தெலுங்கில், கணக்கு தமிழில்.

நேற்று ராத்திரி நகரிக்கு இந்தப் பக்கம்
டார்ச் அடித்து நிறுத்தினார்கள்.
செம்மரம் தேடுகிறார்களாம்.
"எக்கட நுஞ்சி?"

கை கண்ணாடியை இறக்கியது.
கண் பூட்ஸுக்குப் போனது.
வாய், தானாக, மூடிக்கொண்டது.
ஒரு மூச்சு. ஒன்றரை.

"ஏமிரா, ஆலோசிஸ்தாவு?"

அந்த ஒன்றரை மூச்சுக்காகத்
தார்ப்பாய் அவிழ்ந்தது.
எண்பது டிரம்மையும் தட்டித் தட்டிக் கேட்டார்கள்,
உள்ளே மரம் பேசுமா என்று.
சீல் நம்பரை ஒவ்வொன்றாய் நான் படித்தேன்,
பாதி தமிழில், பாதி தெலுங்கில்,
எது எப்போது மாறியதென்று தெரியாமல்.

விடிந்தபோது நகரி மூக்கு தெரிந்தது.
பழக்கம், முதலில் உச்சியைப் பார்த்தேன்.
ஒருவரும் இல்லை.

ஏட்டு சுப்பராயுடு
பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துப்
பெயர் கேட்டார். முனிரத்தினம் என்றேன்.
அவர் மாமனாருக்கும் அதே பெயராம்.

நன்றி சொல்ல வேண்டும்.
எந்த பாஷையில் என்று
குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.

பூட்ஸைக் கழற்றி ஜீப் மேல் காயவைத்துவிட்டு
நீல வார் போட்ட
ரப்பர் செருப்பில் நின்றார்.