ஒரு கண்ணில் சுண்ணாம்பு

பன்னிரண்டு இடத்தில் தோண்டி
ஒரே வாளியில் கலந்து
பழைய ரொட்டிப் பையில் கட்டி
மண்ணை அனுப்பி வைத்தேன் பரிசோதனைக்கு.
"ஜாதகம் பார்க்கவா?" என்றார் பூபாலன்.
ஆமாம் என்றேன்.
நமக்குப் பார்க்காததை
இதற்காவது பார்க்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு தாள்.
எண்களின் நெரிசலில்
எனக்குப் புரிந்தது ஒன்றுதான்:
புளிப்பு.
பதினோரு வருடம் யூரியா தின்ற நிலம்
பல் கூசி, ஒரு கவளமும் இறங்காமல்
வாயை மூடிக் கிடந்திருக்கிறது.
நான் விதையைத் திட்டினேன்.
மழையைத் திட்டினேன்.
டார்னல் கடைத்தெருவில் மீலி வாங்குகிறவனின்
தராசைத் திட்டினேன்.

மருந்து சுண்ணாம்பு.
வெற்றிலையில் நகக்கண் அளவு தடவுவார்களே,
அதுவேதான்.
ஏக்கருக்கு இருபது மூட்டை என்றால் மட்டும்
அதற்கு வேறு முகம்.

பக்கி வண்டியின் பின் டயருக்கு ஒதுக்கிய பணத்தில்
பன்னிரண்டு வந்தது.
மிச்ச எட்டுக்கு அவர் தலை அசையவில்லை.
"என் அப்பா போட்டாரா? மில்காரன் போட்டானா?"
ஆலைக்குக் கரும்பு ஏற்றும் மனிதர்;
ஆலை செய்யாதது எதுவும்
அவருக்கு விவசாயம் இல்லை.

ஆகஸ்ட் காற்றில், முகத்தில் துணி கட்டி
நானே இறைத்தேன்.
குழாய்க்கு மேலே வெள்ளை.
குழாய்க்குக் கீழே பழைய சிவப்பு.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று
ஓரவஞ்சனைக்காரியைச் சொல்வார்கள்.
சொல்லட்டும்.
இந்தக் காட்டில் எது வெண்ணெய் என்று
இன்னும் யாருக்கும் தெரியாது.

அக்டோபர் மழைக்கு விதைத்தேன், குழிக்கு இரண்டு.
முளைத்த பின் ஒன்றைப் பிடுங்க வேண்டும்.
கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும்
என்று வாய் சொல்லும்.
கை சொல்லாது.
இரண்டு இலை விட்ட பச்சையை
வேரோடு உருவும்போதெல்லாம்
வேறெங்கோ பார்த்துக்கொண்டேன்.

வேலிக்கு அப்பால் நோம்புசோ
வரிசைக்கு வரிசை தட்டைப்பயறு, பூசணி.
"உம்பிலாவுக்குப் பேச்சுத்துணை வேண்டாமா?" என்பாள்.
என் மீலி பேசாது, வேலை செய்யும் என்பேன்.
இருவருமே சிரிப்போம்,
இருவருமே மனசுக்குள்
மற்றவள் காட்டை எண்ணுவோம்.

டிசம்பரில் படைப்புழு.
குருத்துக்குள் ஒவ்வொரு சிட்டிகை மணல்,
விடியலில், குனிந்து,
ஆறாயிரம் செடிக்கு.
என் முதுகைக் கேளுங்கள், கணக்கு சரியாகச் சொல்லும்.

ஜனவரியில், நிலா இல்லாத ஒரு ராத்திரி
திருடன் வந்தான்.
அறுபத்து மூன்று பச்சைக் கதிர்.
அத்தனையும் குழாய்க்கு மேலே.
கீழே ஒன்றைக்கூடத் தொடவில்லை.
தோகையை விலக்கிப் பார்த்திருக்கிறான் பாவி,
பிடிக்காமல் திரும்ப மூடியிருக்கிறான்.

பூபாலன் டார்ச் அடித்து
ஒடிந்த தட்டைகளை எண்ணினார்.
பிறகு கீழே போனார்.
ஒரு கதிரைப் பிடித்து, அழுத்தி,
இன்னொன்றைப் பிடித்து,
வெகுநேரம் நின்றார்,
பந்தியில் இலை போடாமல் விட்டுப்போன விருந்தாளி மாதிரி.

"உன்னுடையதில் ஏன் கை வைக்கவில்லை?"
என்று நோம்புசோவைக் கேட்டேன்.
"பூசணிக்கொடி தடுக்கி விழுந்திருப்பான்" என்றாள்.
அந்த வாரமே அவளிடம்
ஒரு படி தட்டைப்பயறு விதை கேட்டு வாங்கினேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

உலர்த்தி உதிர்த்ததில்
மேலே பதினோரு மூட்டை.
கீழே மூன்று, நான்காவது அரை.
நிலம் சரிபாதி இல்லை,
ஆனாலும் இவ்வளவு வித்தியாசம் இல்லை.

ஒரு சனிக்கிழமை
அதே வழுக்கை டயரில், மேட்டில் திணறித் திணறி
பக்கி வந்தது.
எட்டு மூட்டை.
ஒன்றும் சொல்லாமல் இறக்கினார்,
இமையெல்லாம் வெள்ளை.
கண் எரிகிறதா என்றேன்.
"ரெண்டும்" என்றார்.

ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும்.
கொட்டகையில், செங்கல் மேல் அடுக்கி இருக்கிறது.
ஒரு மூட்டையில் ஓட்டை.
கோழி அங்கேதான் படுக்கிறது;
எழுந்து வந்து அடுக்களை முழுக்க
வெள்ளைக் கால் வைத்துவிட்டுப் போகிறது.