வடக்கே போன அடிபம்புகள்

கெலிமானே. மார்ச். விடாத மழை.
முந்நூற்றுப் பதினாறு அடிபம்புகளை
ஒசுஃபு சட்டைப்பையிலிருந்து எடுத்து
மேசைமேல் வைத்தார்,
கட்டைவிரல் அளவு பென் டிரைவில்.
ஏழு வாரம் சைக்கிளில் போய் அளந்தவை.
முழங்கால்வரை சேறு.
"எல்லாம் இதில் இருக்கு, தெயோலிந்தா" என்றார்.
டீ வேண்டாமென்று போய்விட்டார்.

கோப்பைத் திறந்தேன்.
எங்கள் பள்ளிக்கூடங்களில்
தசமத்துக்குக் காற்புள்ளிதான் போடுவோம்.
மென்பொருளுக்கோ காற்புள்ளி என்றால் வேலி.
பதினேழை ஒரு கட்டத்தில் அடைத்து
அதன் மிச்சத்தை அடுத்த கட்டத்துக்குத் தள்ளி
அண்ணன் தம்பி பாகம் பிரித்ததுபோல்
ஆளுக்கொரு வாசல் வைத்துக் கொடுத்திருந்தது.
ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆழம்.
ஆழத்தின் இடத்தில் "கைப்பிடி துரு".

காற்புள்ளிகளைப் புள்ளியாக்கி
மறுபடி வரைபடத்தில் இறக்கினேன்.
மத்தியதரைக் கடல்.
சிசிலிக்கும் கிரீஸுக்கும் நடுவே
முந்நூற்றுச் சொச்சம் நீலப் புள்ளிகள்
மிதந்துகொண்டிருந்தன.
சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.
அந்தக் கடலில் மிதப்பவற்றுக்கு
வேறு அலுவலகம், வேறு கோப்பு.

அட்சம் எது, தீர்க்கம் எது என்று
நான்தான் மாற்றிச் சொல்லியிருந்தேன்.
திருத்தினேன்.
இப்போது சூடான்.
செங்கடலுக்கு இந்தப் பக்கம், வறண்ட மலைகளில்
எங்கள் பம்புகள் வரிசையாக நின்றன.
பாவம், அங்கேயும் தேவைதான்.
ஒரு நிமிடம் அப்படியே விட்டு வைத்தேன்.

ஒசுஃபுவைக் கூப்பிட்டுக் கேட்டேன்:
கழித்தல் குறி எங்கே?
"என்ன குறி?"
தெற்கு என்பதற்கான குறி.
"தெற்குன்னு தனியா எழுதணுமா?
நான் இங்கேதானே நின்னுக்கிட்டிருந்தேன்."

ஒரு சின்னக் கோடு.
நகக்கீறல் அளவு.
அதைப் போட்டதும்
பூமத்திய ரேகையை ஒரே தாவலில் தாண்டி
சாம்பேசியாவுக்கு வந்து இறங்கின,
அவரவர் மாமரத்தடிக்கு,
அவரவர் பள்ளி முற்றத்துக்கு.
நாற்காலியில் சாய்ந்தேன்.
மழைச் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

ஒன்று மட்டும் வரவில்லை.
கினி வளைகுடாவில்
சுழியமும் சுழியமும் சந்திக்கும் இடத்தில்,
கரை தெரியாத தண்ணீரில்,
இருநூற்று ஏழாம் வரிசை.
ஊர்: நமிர்ரூவா. ஆழம்: முப்பத்தொரு மீட்டர்.
மற்ற கட்டங்கள் காலி.

மறுபடி கூப்பிட்டேன்.
செயின் கழன்ற சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம்,
பிறகு அவர் குரல்:
"அதை ஆறு தின்னுடுச்சு.
பம்பை மட்டுமில்லை, பம்பு நின்ன மண்ணையும்.
நான் போனப்போ தண்ணிதான் இருந்தது.
தண்ணிக்கு என்ன நம்பர் எழுதறது?
வெறுமையா விட்டேன்.
சுழியம் நான் எழுதலை."

அவர் எழுதவில்லைதான்.
எதுவும் சொல்லாதவர் வாயில்
எந்திரம் வைத்த சொல் அது.

மாலையில் மேலாளர் கான்சியோ வந்து
தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.
"அந்த வரிசையை அழிச்சிடு.
மாபுட்டோவுக்குச் சுத்தமாப் போகணும்."

காலி என்றால் காலி என்றே கொள் என்று
ஒரு கட்டத்தில் டிக் அடித்தேன்.
கினிக் கடல் வெறிச்சோடியது.
அட்டவணையில் நமிர்ரூவா அப்படியே இருக்கிறது,
பெயரோடு, முப்பத்தொரு மீட்டர் ஆழத்தோடு,
இடம் மட்டும் இல்லாமல்.

வரைபடத்தின் மூலையில்
மொத்தம் 316 என்று அச்சாகியிருக்கிறது.
புள்ளிகள் 315.
மாபுட்டோவில் எண்ணிப் பார்ப்பவர்
யாராவது இருந்தால் கூப்பிடட்டும்.
பின்னறைக்கும் தொலைபேசி இருக்கிறது.