மூன்று மணி பன்னிரண்டு

தம்பி தாவோ வடகடலில் இறால் பிடிக்கிறான்.
நான் ஹீயுமா தீவில்
அப்பா விட்டுப்போன பதினாறு ஹெக்டேர் காட்டோடு.
இருவரும் ஒப்பமிட்டால்தான் ஒரு மரம் விழும்.

மரக் கம்பெனிக்காரி பில்வி
மின்னஞ்சலில் ஒப்பந்தம் அனுப்பினாள், பன்னிரண்டு பக்கம்.
அட்டையைச் செருகினேன்,
ஐந்து இலக்கம் தட்டினேன்.
கையொப்பத்தில் கைக்கு வேலை அவ்வளவுதான்.

மிச்சத்தைக் கணக்கு பார்த்துக்கொண்டது.
பன்னிரண்டு பக்கத்தையும் சுண்டக் காய்ச்சி
ஓர் எண்ணாக்கியது.
அந்த எண்ணின் மேல்
அட்டைக்குள் நகக்கண் அளவுச் சில்லில் கிடக்கும்
ஒரு சாவி திரும்பியது.
என்னுடைய சாவி. நான் பார்த்ததே இல்லை.
அதன் துணைச்சாவி ஊரறிய வெளியே கிடக்கிறது,
யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.
அதனால் பூட்ட முடியாது.
பூட்டியது இன்னார் என்று
சொல்ல மட்டும் முடியும்.

தாவோவும் கப்பலிலிருந்து ஒப்பமிட்டான்.
திரையில் பச்சை.

மறுநாள் பில்வி
மரங்களுக்கு ஆரஞ்சுப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தவள்
சவுனாவுக்குப் பின்னிருந்த ஓக்குக்கும் வைத்தாள்.
"ஏழாம் பக்கம்," என்றாள்.
ஏழாம் பக்கத்தில் 'ஓக் உட்பட' என்றிருந்தது.
படித்துவிட்டுத்தான் ஒப்பமிட்டேன் என்று
நானே நம்பியிருந்தேன்.

அவள் சம்மதித்தாள், ஒரு மரம்தானே.
'உட்பட' என்பதை அழித்து
'நீங்கலாக' என்று அடித்தேன்.
திரையில் சிவப்பு.
எங்கே மாறியதென்று சொல்லவில்லை,
மாறியதென்று மட்டும் சொன்னது.
ஒரு சொல்லுக்காக இரண்டு பேரும்
பன்னிரண்டு பக்கத்திலிருந்தும் வெளியேறிவிட்டோம்.

அப்பாவாக இருந்தால்
அடித்துத் திருத்தி ஓரத்தில் கிறுக்கியிருப்பார்.
சனிக்கிழமைக் கையெழுத்துக்கு
வால் கொஞ்சம் நீளம்,
குடித்த அளவை வங்கிக்காரர்கூட அளந்து சொல்வார்.

புதிதாய் எழுதி, நான் ஒப்பமிட்டு, அனுப்பினேன்.
கடலிலிருந்து பதில் இல்லை.
நான்கு நாள். ஆறு நாள்.
வெட்டும் இயந்திரத்துக்கு நாள் வாடகை ஏறியது.
"உன் தம்பிதானே," என்றாள் பில்வி,
"ஓக் பிழைத்ததற்கா சண்டைக்கு வரப்போகிறான்?"

இப்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
தாவோவின் இரண்டாம் அட்டை
என் இழுப்பறையில்தான் இருக்கிறது.
ஐந்து இலக்கமும் தெரியும்:
அவனுடைய முதல் படகின் பதிவெண்.
செருகினால் பச்சை எரியும்.
நீதிமன்றம் நம்பும், வங்கி நம்பும்.
கணக்கில் ஒரு பிழையும் இருக்காது.
பிழை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

எட்டாம் நாள் இரவு இழுப்பறையைத் திறந்தேன்.
எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதற்கு
எங்கும் முத்திரை இல்லை.
மூடினேன்.

பத்தாம் நாள் வந்தது.
தாவோ ஒப்பமிட்டிருந்தான். பச்சை.
கீழே ஒரு வரி:
"படிக்கலை. நீ அனுப்பினா போடுவேன்."
ஒப்புக்கு ஓர் ஒப்பம்.
சட்டத்துக்கு அது போதும்.

சரிபார்க்கும் பலகையை மூடப் போனபோது
நேரம் கண்ணில் பட்டது.
03:12:44.
பழைய கோப்பைத் திறந்தேன். 03:40:09.
போன வருட வரிப் படிவம்,
அதற்கு முந்தைய படகுக் காப்பீடு:
எல்லாம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்.
கப்பலில் அவனுக்குப் பகல் பணி.

வால் இல்லை, நடுக்கம் இல்லை,
மை திட்டாய்த் தேங்கிய இடம் இல்லை.
ஆனாலும் கணக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிட்டது,
யாரும் அதனிடம் கேட்காததை.

"ராத்திரி தூங்குறதில்லையா?" என்று எழுதினேன்.
அட்டை இல்லை, இலக்கம் இல்லை,
வழியில் யார் திருத்தினாலும் தெரியாத
வெறும் மின்னஞ்சல்.

காலையில் பதில், ஒரே சொல்:
"தூங்குறேன்."
பள்ளியிலிருந்து அவன் விட்டுவிடும் அதே எழுத்தை
அதிலும் விட்டிருந்தான்.

அவன்தான்.
பொய்தான்.